அப்பா, அம்மா, ஒரு வெடிக்காத ஃப்ளாஷ்

போன ஞாயிற்றுக்கிழமை மேல் மாடி நண்பர் காபி குடிக்க வந்தார். மதுரைக்காரர். நம்மள மாதிரியே பொட்டி தட்டும் வேலை. டெல்லிக்கு வந்து மூணு வருஷம்தான் ஆகுது. ஊரிலிருந்து அவங்க அம்மா வந்திருக்காங்க. குளிர் ஏறுறதுக்குள்ள திரும்பிடுவாங்க. அதுக்குள்ள வீட்டுலயே அவங்களை நல்லா ஒரு போட்டோ எடுத்துடணுமாம்.

"சார், ஸ்டுடியோவில குடை மாட்டி வெச்சிருப்பாங்களே, அந்த ஸ்ட்ரோப் லைட் வாங்கலாம்னு இருக்கேன். 400 வாங்கலாமா, 600 வாங்கலாமா?"

"ட்ரிக்கர் எது வாங்கப் போறீங்க?"ன்னு கேட்டேன்.

"அது லைட்டோட ஓசியா ஒண்ணு குடுக்கறாங்க சார்."

குடிச்ச காபி கசந்தது. 2016-ல நானும் அச்சு அசலா இதையேதான் சொன்னேன்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் மயூர் விஹார் வீட்டுக்கு வந்திருந்தாங்க. அப்பாவுக்கு 78. அதுக்கு முந்தின வருஷம் பக்கவாதம் வந்து இடது பக்கம் கொஞ்சம் தளர்ந்து போச்சு. நாற்காலியில உட்காருவார், ஆனா பத்து நிமிஷத்துக்கு மேல முதுகு நிக்காது. ஒரு நாள் ராத்திரி பழைய ஆல்பத்தைப் புரட்டினப்போதான் உறைச்சது. ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கற போட்டோ மொத்தம் ரெண்டு. கல்யாணப் போட்டோ, அதுல பாதி செல்லரிச்சுப் போச்சு. இன்னொண்ணு யார் வீட்டு விசேஷத்துலயோ பந்தியில சாப்பிடறது, அப்பா வாயில அப்பளம். இத்தனைக்கும் வீட்டுல கேமராவோட அலையறவன் நான். பரத்பூர் போய் கொக்கு, நாரை எல்லாம் ஆயிரக்கணக்குல எடுத்திருக்கேன்.

எங்க வீடு தரைத்தளம். ஜன்னலைத் திறந்தா பக்கத்து பிளாக் சுவர். பகல்லயே ட்யூப் லைட் போடணும், அந்த வெளிச்சத்துல எடுத்தா எல்லாரும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருப்பாங்க. கேமரா தலையில இருக்கற குட்டி ஃப்ளாஷைப் போட்டா முகம் தட்டையா வெளிறிப் போய், பின்னாடி சுவர்ல கறுப்பு நிழல். சரி, ஸ்டுடியோ விளக்கே வாங்கிடுவோம்னு கிளம்பினேன்.

டெல்லியில கேமரா சாமானுக்குன்னு ஒரு சந்து இருக்கு. சாந்தினி சௌக்ல கூச்சா சௌத்ரி. (ஞாயித்துக்கிழமை கடை கிடையாது. முதல் தடவை ஞாயித்துக்கிழமை போய் ஜிலேபி மட்டும் தின்னுட்டு வந்தேன்.) ரெண்டு பேர் எதிரெதிரா வந்தா தோள் இடிக்கும், அவ்வளவு அகலம். ரெண்டு பக்கமும் தரையிலிருந்து கூரை வரைக்கும் பெட்டி. கடைக்காரர் 400 ஜூல் விளக்கு ரெண்டு, சாஃப்ட்பாக்ஸ் ரெண்டு, ஸ்டாண்ட் ரெண்டுன்னு ஒரு செட்டா கட்டிக் குடுத்தார். கடைசியில கைப்பிடி அளவு பிளாஸ்டிக் சாமான் ஒண்ணைத் தூக்கி உள்ள போட்டு, "ட்ரிக்கர் ஃப்ரீ, பாய் சாப்" என்றார். நான் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கலை. பவர் எவ்வளவு, பவர் எவ்வளவுன்னுதான் என் புத்தி முழுக்க. தங்கமணி மட்டும், "ஏங்க, இந்தக் காசுக்கு ஒரு போட்டோகிராஃபரையே வரச் சொல்லியிருக்கலாமே"ன்னாங்க. தங்கமணி பேச்சை எப்ப கேட்டிருக்கோம்?

அக்டோபர் 10, சரஸ்வதி பூஜை. காலையில அப்பாவுக்கு ஷேவ் பண்ணி, வேட்டி சட்டை போட்டு, ரெண்டு பேர் பிடிச்சு நாற்காலியில உட்கார வெச்சோம். பக்கத்துல அம்மா பட்டுப்புடவையில. முந்தின ராத்திரி இருபது தடவை சோதிச்சுப் பார்த்திருந்தேன், எல்லாம் வேலை செஞ்சது. அமுக்கினேன். ஒண்ணும் வெடிக்கலை.

"என்னல, கரண்டு போச்சா?"ன்னார் அப்பா.

மறுபடி அமுக்கினேன். அப்பா பக்கத்து விளக்கு மட்டும் வெடிச்சது. அடுத்த தடவை ரெண்டுமே இல்லை. விளக்குல மாட்டின ரிசீவர்ல பேட்டரியை மாத்தினேன், அது வீட்டுல இருந்தது. ஆனா கேமரா மேல மாட்டற பொட்டியில சின்ன விரல் நுனி அளவுக்கு 12 வோல்ட் பேட்டரி, காலிங் பெல் ரிமோட்ல இருக்குமே, அது. இருபது தடவை சோதனையிலயே அது உயிரை விட்டிருந்தது. மார்க்கெட்டுக்கு ஓடி மூணு கடை ஏறி இறங்கி வாங்கிட்டு வர இருபத்தஞ்சு நிமிஷம். வந்து பார்த்தா அப்பா கட்டில்ல படுத்திருந்தார். "நாளைக்கு எடுத்துக்கலாம்ல" என்றார். மறுநாள் அவருக்குக் காய்ச்சல். அப்புறம் ஊருக்குக் கிளம்பிட்டாங்க. 2017 சித்திரையில அப்பா போயிட்டார்.

ஒத்தை விளக்கு மட்டும் வெடிச்ச அந்த ரெண்டாவது படம்தான் இப்ப ஹால்ல மாட்டியிருக்கு. அப்பா முகம் தெளிவா இருக்கு. அம்மா பக்கம் இருட்டு. கம்ப்யூட்டர்ல போட்டு இழு இழுன்னு இழுத்து வெளிச்சமாக்கினதுல அம்மா முகமெல்லாம் மணல் தூவின மாதிரி புள்ளி. "அவுக நல்லா விழுந்திருக்காகள்லா, அது போதும்"னு அம்மா சொல்லுவா. எனக்குப் போதலை.

இதுல வயிறெரியற விஷயம் ஒண்ணு இருக்கு. ஒரு வருஷம் கழிச்சு அந்த விளக்கோட கையேட்டைச் சும்மா புரட்டினேன். விளக்கு முதுகுல சின்னதா ஒரு சிவப்புக் குமிழ் இருந்தது, அழகுக்கு வெச்சிருக்கான்னு நெனச்சிருந்தேன். அது கண்ணு! வேற எந்த ஃப்ளாஷ் வெடிச்சாலும் அதைப் பார்த்து அந்த நொடியிலேயே தானும் வெடிக்கும். என் நிக்கான் டி5300 தலையில இருந்த குட்டி ஃப்ளாஷை மேனுவல்ல வெச்சு, பவரைக் குறைச்சு ஒரு மினுக்கு மினுக்கியிருந்தா ரெண்டு விளக்கும் வெடிச்சிருக்கும். ட்ரிக்கரே வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். (மேனுவல் முக்கியம். டிடிஎல்ல இருந்தா அளவு பார்க்க முன்னாடியே ஒரு தடவை மினுக்கும், அதைப் பார்த்து விளக்கு அவசரப்பட்டு வெடிச்சுடும்.) இருபத்தஞ்சு நிமிஷம் நான் ரோட்டுல ஓடினப்போ தீர்வு வீட்டுக்குள்ளயே நின்னுட்டு இருந்திருக்கு.

அதனாலதான் நண்பர்கிட்ட முதல்ல ட்ரிக்கரைக் கேட்டேன். விளக்கு கொஞ்சம் சுமாரா இருந்தா படம் சுமாரா வரும். ட்ரிக்கர் சுமாரா இருந்தா படமே வராது.

ஓசியா வர்ற ட்ரிக்கர்கள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ்ல ஓடற எளிய சாமான். நிறைய கார் ரிமோட்டும் இதே அலைவரிசைதான். வெடி என்கிற ஒரே சேதி மட்டும் அனுப்பும். கூட்டு, குறைன்னு விளக்குக்குச் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் நீங்களே எழுந்து போய்த் திருகணும். இப்ப வர்றது 2.4 கிகாஹெர்ட்ஸ். கோடாக்ஸ் மாதிரி கம்பெனிகள் ரிசீவரை விளக்குக்குள்ளேயே வெச்சுடறாங்க, கேமரா மேல இருக்கற பொட்டியிலிருந்தே ஒவ்வொரு விளக்கையும் ஏத்தி இறக்கலாம். தனி ரிசீவர் இல்லைன்னா அதுக்குத் தனி பேட்டரியும் இல்லை, தொங்கற வயரும் இல்லை. ஆனா ஒண்ணு, விளக்கும் ட்ரிக்கரும் ஒரே குடும்பமா இருக்கணும். இந்தச் சம்பந்தத்துல வெளியில பொண்ணெடுக்கக் கூடாது.

அதே ட்ரிக்கர்லயும் கேனனுக்கு ஒண்ணு, நிக்கானுக்கு ஒண்ணு, சோனிக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வரும். பெட்டி மேல இருக்கற எழுத்தைப் பார்த்து வாங்குங்க. கேனன் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 வெச்சிருக்கறவங்க இன்னும் உஷாரா இருக்கணும். கேமரா தலையில ஃப்ளாஷ் மாட்டற இடத்துல நடுவுல ஒரு உலோகப் புள்ளி இருக்கும். இந்த மூணுலயும் அதைக் கம்பெனியே எடுத்துட்டான். ஒத்தைப் புள்ளியை நம்பி ஓடற சாதா ட்ரிக்கர் அதுல வேலையே செய்யாது. கேனனுக்குன்னே வர்ற ட்ரிக்கரா, உங்க மாடலுக்குச் சரி வருமான்னு கேமராவைக் கையில கொண்டு போய்க் கடையிலேயே மாட்டி வெடிச்சுப் பார்த்து வாங்குங்க.

வீட்டுக்கு வந்தப்புறமும் வெடிக்கலையா? மிரர்லெஸ் கேமராவா இருந்தா சத்தமில்லாத ஷட்டர் போட்டிருக்கீங்களான்னு பாருங்க, பெரும்பாலான கேமராவுல அது இருந்தா ஃப்ளாஷ் வெடிக்காது. பக்கத்து வீட்டு வைஃபையும் அதே 2.4-ல தான் ஓடுது, சேனலை மாத்திப் பாருங்க. ரொம்பக் கிட்ட இருந்தாலும் சில சமயம் சிக்னல் எடுக்காது, நம்ம ஹால்ல எல்லாமே கிட்டத்தானே? கோடாக்ஸ் எக்ஸ்ப்ரோவுல 0-30 மீட்டர்னு இதுக்கே ஒரு அமைப்பு இருக்கு. அப்புறம் இந்தப் பொட்டிகள் சும்மா இருந்தா தூங்கிடும். பெரியவங்களை உட்கார வெச்சதும் ஷட்டரைப் பாதி அமுக்கி அதை எழுப்பிட்டு அப்புறம் சிரிக்கச் சொல்லுங்க. படத்துல ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழுந்தா அது ட்ரிக்கர் குத்தம் இல்லை, ஷட்டர் வேகம் அதிகம். அனேக கேமராவுக்கு எல்லை 1/200 அல்லது 1/250. நான் 1/160-க்கு மேல போறதே இல்லை.

பரண்ல தாத்தா காலத்து ஃப்ளாஷ் கிடக்குதுன்னு எடுத்து டிஜிட்டல் கேமரா மேல நேரா மாட்டிடாதீங்க. பழசு சிலதுல 200 வோல்ட்டுக்கு மேல வரும், கேமரா போயிடும்.

இப்ப 400-ஆ 600-ஆ கேள்விக்கு வருவோம். ரெண்டுமே வேண்டாம்னுதான் சொல்லுவேன். விளக்கு ஒரு மீட்டர்ல இருந்து ரெண்டு மீட்டருக்குத் தள்ளிப் போனா வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாயிடும். வீட்டுக்குள்ள ஆளுக்கும் விளக்குக்கும் ஒண்ணரை மீட்டர் இருந்தாலே பெரிய விஷயம். அந்தத் தூரத்துல 200 ஜூல் தாராளம். நம்ம பிரச்சினை நேரெதிர், வெளிச்சத்தை எவ்வளவு குறைக்க முடியும்கிறதுதான். 400 ஜூல் விளக்கு 1/16 வரைக்கும்தான் இறங்கும்னா, ஆகக் குறைச்சலே 25 ஜூல். 200 ஜூல் விளக்கு 1/128 வரைக்கும் இறங்கும்னா ஒண்ணரை ஜூல்கிட்ட வந்துடும். முகத்தை மட்டும் கூர்மையா வெச்சு பின்னாடி இருக்கற ஃப்ரிட்ஜை மங்கலாக்க லென்ஸை அகலத் திறந்தா, அந்த 25 ஜூல் முகத்தைச் சுண்ணாம்பு அடிச்சுடும். கடைக்காரர் 600-ஐத்தான் காட்டுவார். கல்யாண மண்டபம் எடுக்கறவங்களுக்கு அது சரி.

மிச்சக் காசைப் பெரிய சாஃப்ட்பாக்ஸ்ல போடுங்க. வயசானவங்க முகத்துக்குப் பெரிய வெளிச்சம், கிட்டத்துல. 90 சென்டிமீட்டர் எண்கோணம் ஒண்ணு, ஒத்தை விளக்கு, எதிர்ப்பக்கம் வெள்ளை தெர்மாகோல் பலகை. ரெண்டாவது விளக்கே வேண்டாம், அன்னைக்கு எனக்கும் வேண்டியிருக்கலை. குடை மலிவுதான், ஆனா சின்ன ரூம்ல வெளிச்சம் நாலாபக்கமும் சிதறி சுவர்ல பட்டு, பச்சை பெயிண்ட் அடிச்ச வீடுன்னா ஆளும் பச்சையாயிடுவாங்க. மாட்டற வளையம் போவென்ஸ் வகையா இருக்கட்டும். போவென்ஸ் என்கிற இங்கிலாந்து கம்பெனி 2017-லேயே மூடிட்டாங்க, ஆனா அவங்க வளையம் ஊர் பொதுவாயிடுச்சு. நாளைக்கு வேற கம்பெனி விளக்கு வாங்கினாலும் அதே சாஃப்ட்பாக்ஸ் பொருந்தும்.

பேட்டரி விளக்குன்னா தரையில வயர் கிடக்காது, பேரப் பிள்ளைங்க தடுக்கி விழாது. ஊருக்குக் கொண்டு போறப்போ பேட்டரியைக் கழட்டி கைப்பையில வெச்சுக்கோங்க, செக்-இன் பெட்டியில தனி லித்தியம் பேட்டரி போடக் கூடாது. 100 வாட்-அவருக்குள்ள இருக்கான்னு மேல எழுதியிருக்கும். ஸ்டாண்ட் கால்ல அஞ்சு கிலோ ஆட்டா மூட்டை ஒண்ணை வைங்க. முக்கியமா சீலிங் ஃபேனை நிறுத்திட்டு ஸ்டாண்டை உயர்த்துங்க. (சாஃப்ட்பாக்ஸ் ஒண்ணு போச்சு. தங்கமணிக்கு விலை தெரியாது.)

நண்பர் எல்லாத்தையும் செல்போன்ல குறிச்சுக்கிட்டார். 200 ஜூல் ஒண்ணு, அதே குடும்பத்து ட்ரிக்கர் ஒண்ணுன்னு முடிவாச்சு. வர்ற சனிக்கிழமை காலையில எடுக்கறதா ஏற்பாடு. அவங்க அம்மா தடிமனான கண்ணாடி போட்டிருக்காங்க, அதைக் கழட்டவே மாட்டேங்கறாங்க. கழட்ட வேண்டாம், விளக்கைப் பக்கவாட்டுல தள்ளி இன்னும் ஒரு அடி ஏத்தினா, கண்ணாடிக் காம்பைக் காது மேல துளி உயர்த்தினா, பளபளப்பு போயிடும்னு சொன்னேன். கண் ஆபரேஷன் ஆனவங்க, திடீர்னு வெடிச்சா பயந்துடுவாங்க, அதனால முதல்ல தெர்மாகோலைப் பார்த்து நாலு தடவை வெடிச்சுக் காட்டணும். ட்ரிக்கருக்கு ரெண்டு செட் பேட்டரி வாங்கி வைக்கச் சொல்லியிருக்கேன். என் பையிலயும் ஒரு செட் இருக்கும்.