இரண்டால் வகுக்காமல்

‘களத்தின் சிறப்பெண் பூஜ்யம் என்று கொள்வோம்.’ எம்.எஸ்ஸி. வகுப்பில் மாறாக்கோவைப் பாடம் இப்படித்தான் தொடங்கியது. பூஜ்யம் தவிர எந்த முழு எண்ணாலும் வகுக்கலாம் என்று அர்த்தம். ஏன் அப்படிக் கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. காலில் தைத்த நெருஞ்சி மாதிரி அந்த வரி கூடவே வந்தது. திசையன்களைச் சிறப்பு நேரியல் குலம் எப்படிப் புரட்டினாலும் மாறாமல் நிற்கும் கோவைகளையெல்லாம் அணிக்கோவைகளிலிருந்தே கட்டிவிடலாம் என்கிறது முதல் அடிப்படைத் தேற்றம். இதைச் சொல்ல வகுத்தலே வேண்டாம். நிறுவ மட்டும் ஏன் வேண்டும்? வகுக்காமல் நிறுவியவர் யார்?

எங்கள் பேராசிரியரிடம் போனேன். ஓய்வுபெற்ற பிறகும் ஹெர்மன் வைலின் 1939 புத்தகத்தை மேசையை விட்டு இறக்காதவர்.

“எல்லாம் இதுல இருக்குப்பா.”

“இவரும் பூஜ்யம்தானே சார் எடுத்துக்கிறார்?”

“எடுத்துக்கட்டுமே. உனக்கென்ன நஷ்டம்?”

எப்போது போனாலும் இதே பதில்தான். கடைசியில் ஒரு போடு போட்டார்: ஒமேகாச் செயலியைக் கொஞ்சம் மெனக்கெட்டால் எந்தக் களத்துக்கும் இழுத்துவிடலாமாம்.

மெனக்கெட்டேன். கெய்லி உண்டாக்கிய செயலி அது. 1890-ல் ஹில்பர்ட்டுக்கே கைகொடுத்தது. 2×2 அணியின் உறுப்புகள் மேல்வரிசையில் அ, ஆ; கீழ்வரிசையில் இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். அ, ஈ இரண்டாலும் பகுதி வகைக்கெழு எடுத்து, அதிலிருந்து ஆ, இ இரண்டாலும் எடுத்ததைக் கழிக்க வேண்டும். அஈ − ஆஇ என்ற அணிக்கோவையின் மேல் இதைப் போட்டால் 1 − (−1), அதாவது 2. அணிக்கோவையின் ந-ஆம் அடுக்கின் மேல் போட்டால் ஓர் அடுக்கு குறைந்து, முன்னால் ந(ந+1) வந்து நிற்கிறது. அடுத்தடுத்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இரட்டைப்படைதானே வரும்? ஆகவே 2 பூஜ்யமாகிவிடும் களத்தில், அதாவது சிறப்பெண் 2 உள்ள களத்தில், எந்த அடுக்கைக் கொடுத்தாலும் செயலி பூஜ்யத்தையே துப்புகிறது. வேறு குறியீட்டில் போட்டுப் பார்த்தேன், 3×3-க்குப் போனேன். அங்கே ந(ந+1)(ந+2) வந்தது. 2 மட்டுமல்ல, 3-ம் சேர்ந்து கழுத்தை அறுத்தது. அந்த வழியை மூடிவிட்டேன். சாரிடம் காட்டியபோது, “வைல் இதைச் செய்யலையே” என்றார். நான் கேட்டதும் அதைத்தானே!

வகுக்காத நிறுவல் 1976-ல் டி கொன்சீனியும் புரொசேசியும் எழுதிய கட்டுரையில் கிடைத்தது. அங்கே வேலையெல்லாம் பெருக்கங்களை ஒழுங்குபடுத்துவதுதான். 2×4 அணியின் 1, 4-ஆம் நிரல்களின் அணிக்கோவையை [14] என்று எழுதினால்,

[14][23] = [13][24] − [12][34].

இடப்பக்கத்தை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். 1-க்குக் கீழே 2, சரி. 4-க்குக் கீழே 3, ஒழுங்கு குலைகிறது. வலப்பக்கத்தில் எதுவும் குலையவில்லை. கெழுக்கள் +1, −1 மட்டுமே. முழு எண்களிலேயே கணக்கு முடிந்துவிடுவதால் எந்தப் பரிமாற்று வளையத்துக்கும் இதைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

இந்த ஒழுங்கை 1943-லேயே போட்டு வைத்தவர் கேம்பிரிட்ஜின் ஹாட்ஜ். அவர் வகுத்தலைத் தவிர்க்கக் கிளம்பியவர் அல்ல. கிராஸ்மன் வெளியிலும் அதன் ஷூபர்ட் உள்வெளிகளிலும் ஒவ்வொரு படியிலும் எத்தனை சார்பற்ற கோவைகள் உண்டு என்று எண்ண வேண்டியிருந்தது அவருக்கு. எண்ணும்போது விடுபடாமல் இருக்கப் போட்ட வரிசைதான், இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அதை மற்றக் குலங்களுக்கும் கொண்டுபோனவர்களைத் தேடினால், பம்பாய் டாட்டா நிறுவனத்தில் காஞ்சிபுரத்துக்காரர் சி. எஸ். சேஷாத்ரி! முசிலி, லட்சுமிபாய் ஆகியோருடன் 1970-களில் தொடங்கிய வேலை. பின்னாளில் சென்னைக் கணிதக் கழகத்தை நிறுவியவரும் அவர்தான். தேடலை இங்கிருந்தே தொடங்கியிருக்கலாம் போல.

சந்தோஷம் நிலைக்கவில்லை. 1976 கட்டுரையிலேயே செங்குத்துக் குலத்துக்கு மட்டும் சிறப்பெண் 2 விலக்கப்பட்டிருக்கிறது. சிம்ப்ளெக்டிக் குலத்துக்கு அந்தத் தடை இல்லை. நிறுவலின் சோம்பலாக இருக்கும் என்று பார்த்தால், 2005-ல் டொமொகோஷும் ஃப்ரெங்கெலும் குண்டைப் போட்டிருக்கிறார்கள்: சிறப்பெண் 2-ல் செங்குத்துக் குலத்துக்குத் தேற்றமே நிற்காது. திசையன்கள் கூடக்கூட, கீழ்ப்படிக் கோவைகளால் கட்ட முடியாத புதுக் கோவைகள் முளைத்துக்கொண்டே இருக்கும். முழு எண்களிலும் இதே கதிதான். திசையன்களின் உட்பெருக்கங்களை அடுக்கிய எதிர்ச்சமச்சீர் அணியின் ஃபாஃபியனிலிருந்து அவற்றைக் கட்டுகிறார்கள். அந்தக் கட்டுரை கட்டிக் காட்டுவது 2, 3, 4 பரிமாணங்களுக்கு. ஐந்துக்கு நான் கையால் போட்டுப் பார்க்கிறேன். அரைப் பக்கம் தாண்டுவதற்குள் கூட்டல் கழித்தல் குறி எங்கேயோ பிசகிவிடுகிறது.