வாலடியில் ஓர் ஊசி

"டாக்டர், ஆட்டுக்கு அடி தள்ளிருச்சு" என்று போன் வந்தால் நான் முதலில் சொல்வது, "நீங்களா உள்ள தள்ளாதீங்கண்ணே. சுத்தமான ஈரத்துணியால மூடி வைங்க, வந்துடுறேன்."

ஈனுவதற்கு முன் பிறப்புறுப்பு தள்ளுவது வேறு, ஈன்றபின் கருப்பையே வெளியே வருவது வேறு. இரண்டிலும் ஆடு முக்கிக்கொண்டே இருக்கும். நாம் உள்ளே தள்ள, அது வெளியே தள்ளும். வீங்கிய சதை கிழிவதுதான் மிச்சம்.

வாலடியில் போடும் தண்டுவட மரப்பு ஊசி இந்த முக்கலை நிறுத்தத்தான். வாலைப் பம்பு அடிப்பதுபோல மேலும் கீழும் ஆட்டினால், அது தொடங்கும் இடத்தில் ஒரு பள்ளம் விரலில் தட்டுப்படும். மயிரைச் சிரைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, அங்கே குத்த வேண்டும். மருந்து தடையில்லாமல் இறங்கினால் இடம் சரி. 30 கிலோ ஆட்டுக்கு 2 சதவீத லிக்னோகெய்ன் ஒரு மில்லிகூட வேண்டாம். கூடினால் பின்னங்கால்கள் மடங்கிவிடும். சில நிமிடங்களில் வால் துவளும், முக்கல் நிற்கும். பிறகு கழுவி, வீக்கம் வடியச் சர்க்கரை தூவி, நிதானமாக உள்ளே அனுப்பித் தையல் போடலாம்.

லிக்னோகெய்ன் ஒன்றிரண்டு மணி நேரம்தான் தாங்கும். கொஞ்சம் சைலசின் சேர்த்தால் ஒரு நாளுக்கு மேலும் வலி அடங்கியிருக்கும்.

"ஆட்டுக்குப் போய் மரப்பு ஊசியா?" என்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. மருந்துச் செலவு ஒரு டீக்குக்கூட வராது.

ஈனுமுன் தள்ளிய ஆட்டை மறுபடி சினைக்கு விடாதீர்கள். அடுத்த ஈற்றிலும் தள்ள வாய்ப்பு அதிகம்.