தாத்தாவின் மைனரும் கிரீஸ் கொப்பியும்

கொஸ்லந்தையில் எங்கள் வீட்டு முன்னால நிற்கும் மொரிஸ் மைனரை இப்ப எல்லாரும் 'வின்டேஜ்' என்கிறார்கள். எங்களுக்கு அது தாத்தாவின் ஹயர் கார். லயங்களிலிருந்து பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் ஆட்களை ஏற்றிப்போன வண்டி.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் வெளிவந்தது. அதே வருசம் வந்த பிரஜாவுரிமைச் சட்டம்தான் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. காருக்கு இங்க பதிவு இருந்துச்சு. ஓட்டினவங்கள்ல பலருக்கு வாக்குரிமை இல்ல.

1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் புதுக் கார் கிடைப்பது அரிது. பழசையே திருத்தித் திருத்தி ஓட்டினாங்க. அந்த வேலையைத்தான் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்கிறோம். காபரேட்டருக்கு ஒயில் விடுவோம், பிளக் துடைப்போம். முக்கியமானது முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியன். கிரீஸ் இல்லாம அதன் மரை தேய்ஞ்சா சக்கரமே மடங்கிடும். தியலும தாண்டி வெல்லவாய இறக்கத்தில் அப்படி நடந்தா அவ்வளவுதான். "மினுக்குறது பொறகு, மொதல்ல கிரீஸ அடிங்க" என்பார் தாத்தா.

கொழும்பிலிருந்து வாங்க வருபவர்கள் பெயின்ட்டைப் பார்க்கிறார்கள், யார் திருத்தினது என்று கேட்பதில்லை. கம்பஸ் செலவுக்குக் காசு தேவை. விற்கவும் வேண்டி வரலாம். ஆனா தாத்தாவின் கிரீஸ் கணக்குக் கொப்பியைக் குடுக்க மாட்டோம். எந்த ராத்திரி யாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் என்பதும் அதிலதான் இருக்கு.