நியூட்ரலில் நிற்காத ஊர்

2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார், வேன்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா ரோடுகளில் ஓடியதெல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வண்டிகள். புது வண்டி வாங்க வழியில்லாதவனுக்குப் பழைய வண்டிக்குப் புதுச் சாமான் பூட்டும் ஆசை வரும். முதலில் ரிவர்ஸ் கெமரா வந்தது, பிறகு டிவி செட், பிறகு ரிமோட்டில் பூட்டும் சென்டர் லொக். அதற்கும் மேலே ஒருபடி, எஞ்சினையே ரிமோட்டில் ஸ்டார்ட் பண்ணும் பெட்டி.

டிக்கோயா பக்கம் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் டொல்பின் வேனில் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். டொயோட்டா ஹைஏஸின் தொண்ணூறுகளின் உருவத்துக்கு இங்கே டொல்பின் என்று பெயர். அவருடையதில் 2,779 சிசி டீசல் எஞ்சின், மெனுவல் கியர். டொரொன்டோவிலிருந்து லீவில் வந்த மாப்பிள்ளை அவருக்குக் கொண்டுவந்த பரிசு ஒரு ரிமோட் ஸ்டார்ட்டர். அங்கே ஜனவரியில் பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகை போகிற காலைகள் உண்டு. வீட்டுக்குள் நின்று பொத்தானை அமுக்கிவிட்டுச் சப்பாத்து மாட்டி வெளியே வருவதற்குள் கார் சூடாகியிருக்கும். இங்கே நிலைமை வேறு. 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் தை, மாசி விடியலில் சில நாள் உறைபனி விழுந்து கொழுந்து கருகும். அட்டன் அதற்கு இரண்டாயிரம் அடி கீழே, குளிரும், உறையாது. பூச்சியம் பாகையில் நல்ல பெட்டரியே தன் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழக்கும். அட்டன் குளிரில் முனகும் பெட்டரி பெரும்பாலும் ஏற்கெனவே வயசானதாக இருக்கும்.

ஆனாலும் பரிசு பரிசுதான். அதைத் தூக்கிக்கொண்டு அட்டனில் ஒரு வயரிங் பாஸிடம் போனார். கூட நானும் போனேன்.

வேலையின் தத்துவம் எளிது. சாவி சுவிட்சுக்குப் பின்னால் எப்போதும் கரண்ட் இருக்கும் வயர் ஒன்று வரும். சாவியைத் திருப்பும் கை அதை ஏசிசி வயரோடும், இக்னிஷன் வயரோடும், கடைசியில் ஸ்டார்ட்டர் வயரோடும் வரிசையாகச் சேர்க்கிறது. பெட்டிக்குள் இருக்கும் ரிலேக்களுக்கும் அதே வேலைதான். ஸ்டார்ட் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான அம்பியர் இந்த வழியில் வருவதில்லை. அது பெட்டரியிலிருந்து தடித்த கேபிளில் நேராகப் போகும். சாவி வயர் சொலினொய்டைத் தட்டி எழுப்புவதோடு சரி. சாவிக்குள் சிப் இல்லாத காலத்து வண்டி என்பதால் இம்மொபிலைசர் தொல்லையும் இல்லை.

தத்துவம் அப்படி. கை செய்து வந்ததை ரிலே செய்யலாம். காதும் கண்ணும் செய்து வந்ததை யார் செய்வது? டீசல் எஞ்சினில் ஹீட்டர் லைட் அணையும்வரை பொறுத்துத்தான் சாவியைத் திருப்புவோம். பெட்டிக்கும் அந்தப் பொறுமையைச் செட் பண்ணிக் கொடுக்க வேண்டும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் சத்தம் கேட்டுச் சாவியை விடுவோம். பெட்டிக்குக் காது இல்லை, வோல்ட் ஏறுவதை வைத்துத்தான் ஊகிக்கும்: அல்டர்னேட்டர் ஓடினால் பதினாலை ஒட்டி நிற்க வேண்டும். சாவியில்லாமல் யாராவது பிரேக்கை மிதித்தால் எஞ்சின் நிற்க வேண்டும் என்பதற்காகப் பிரேக் லைட் வயரிலும் ஒரு இணைப்பு உண்டு. பழைய வேனில் பிரேக் லைட் பியூஸ் போனால் அந்தப் பாதுகாப்பும் கூடவே போய்விடும்.

பாஸ் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த கவரைக் கழற்றினார். முன்பு யார் யாரோ முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போன ஜொயின்ட்டுகள். மலை மூட்டத்தில் டேப் பசை விட்டு, செம்பு பச்சை பிடித்துக் கிடந்தது. இதன்மேல் இன்னொரு கிளை எடுப்பதானால் எல்லாவற்றையும் சுரண்டி, ஈயம் ஊற்றி, பெட்டரிப் பக்கத்திலேயே ஒரு பியூஸும் போட வேண்டும் என்றார். இவ்வளவும் செய்யக்கூடிய வேலைதான். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்வியில்தான் எல்லாம் நின்றது.

“அண்ணே, ராத்திரி வண்டிய எதுல போட்டு நிறுத்துவீங்க?”

“ஏத்தம்னா ஒண்ணுல, எறக்கம்னா ரிவர்ஸ்ல. அதோட ஒரு கல்லு.”

தோட்டத்தில் வண்டி வைத்திருக்கும் எவரும் இந்தப் பதிலைத்தான் சொல்வார்கள். ஹேண்ட் பிரேக்கை இங்கே யாரும் முழுதாக நம்புவதில்லை. கியரில் போடுவார்கள், சக்கரத்தைக் கான் பக்கம் திருப்புவார்கள், பின்னால் கல் வைப்பார்கள். பெட்டரி சரியில்லாதவர் இறக்கத்தைப் பார்த்தே நிறுத்துவார்: விடியலில் கல்லை எடுத்து, உருளவிட்டு, இரண்டாவது கியரில் கிளச்சை விட்டால் ஸ்டார்ட். அதற்கு வயரும் வேண்டாம், மாப்பிள்ளையும் வேண்டாம்.

ரிமோட் ஸ்டார்ட்டருக்கோ வண்டி நியூட்ரலில் நிற்க வேண்டும். கியரில் கிடக்கும் வண்டிக்கு ஸ்டார்ட்டர் சுற்றினால் அது துள்ளும்; எஞ்சின் பிடித்துவிட்டால் ஆளில்லாமலே நடக்கும். இந்த வேன் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே லயத்தின் தகரக் கூரை. இதற்கும் ஒரு ஏற்பாடு உண்டு. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, எஞ்சின் ஓடும்போதே சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிக் கதவைச் சாத்தினால் எஞ்சின் தானாக அணையும். அதற்குப் பிறகு எந்தக் கதவு திறந்தாலும், யாரோ கியரைத் தொட்டிருக்கலாம் என்று பெட்டி ஸ்டார்ட் பண்ண மறுக்கும். நல்ல மூளை யாருக்கோ இருந்திருக்கிறது. ஆனால் கதவு திறந்ததைச் சொல்ல கதவுச் சுவிட்ச் வேலை செய்ய வேண்டும். பிள்ளைகள் நாள் முழுக்க இழுத்துச் சாத்தும் அந்தப் பக்கக் கதவின் சுவிட்ச் எப்போதோ செத்துவிட்டது. அது சரியாக இருந்தாலும் மலைச்சரிவில் இரவு முழுக்க வேனைத் தாங்குவது ஒரு ஹேண்ட் பிரேக் கம்பி மட்டும். சமதரையும் ஒட்டோ கியரும் உள்ள நாட்டுக்காரர்களுக்கு ரிமோட் ஸ்டார்ட்டர் வசதி. நமக்கு அது பெரியவர்கள் கற்றுக்கொடுத்த ஒரு காவலைக் கழற்றச் சொல்கிறது. எந்த வசதிக்காகவும் நான் கழற்ற மாட்டேன்.

பழைய லேண்ட் ரோவர் டீசல் இருந்திருந்தால் இன்னும் வேடிக்கை. அதில் எஞ்சினை நிறுத்த ஒரு கம்பியை இழுக்க வேண்டும். ரிமோட்டில் கரண்டை வெட்டினாலும் அது பாட்டுக்கு ஓடும்.

“காலையில உங்களுக்கு உண்மையிலேயே என்னா கஷ்டம்?” என்று பாஸ் கேட்டார். கண்ணாடி மூடிக்கொள்கிறது, பேப்பரால் துடைத்துத் துடைத்து ஓட்டுகிறேன் என்றார் அண்ணன். பாஸ் குனிந்து பார்த்தார். வண்டியில் ஹீட்டர் இருந்தது. அதற்குப் போகும் வெந்நீர்க் குழாயை எப்போதோ யாரோ கழற்றி, இரண்டு முனையையும் வளைத்துச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். குழாய் மாற்றி, கிளிப் போட்டு, எஞ்சினைச் சூடாக்கி விசிறியைப் போட்டதும் கண்ணாடி அடியிலிருந்து தெளிந்து வந்தது. கொண்டுவந்த பெட்டியில் கதவு பூட்டும் பகுதியை மட்டும் இணைத்து, ஸ்டார்ட்டர் வயரை வெட்டாமல் சுருட்டி உள்ளே கட்டி வைத்தார்.

மாப்பிள்ளை கனடா போய்ச் சேர்ந்ததும் போன் எடுத்தார். “மாமா, ரிமோட் நல்லா வேலை செய்யுதா?”

“செய்யுது மாப்பிள்ள. கதவு தொறக்குது.”