பறித்த கைப்பேசி

பறித்தேன். பையிலே போட்டேன். பாடத்தைத் தொடர்ந்தேன். பதினோராம் வகுப்பின் கடைசி வரிசையிலே இருந்த மாணவனிடமிருந்து கைப்பேசியைக் கைப்பற்றிய அந்த வேளையில், தோழர்களே, எனக்கிருந்த பெருமிதம் கொஞ்சமல்ல! கோட்டையைப் பிடித்த தளபதிக்குக்கூட அத்தனை இறுமாப்பு இருந்திராது. இளைஞரைக் கெடுக்கும் கருவி இது என்று பத்து நிமிடம் முழங்கவும் செய்தேன். அவன் எதிர்க்கவில்லை, கெஞ்சவுமில்லை. தலை கவிழ்ந்து நின்றான். அதைப் பணிவென்று எண்ணிக் கொண்டேன். சிலம்பையும் குறளையும் படித்துப் பட்டம் பெற்றவன் நான். ஒரு சிறுவனின் முகத்தைப் படிக்கக் கற்றவனல்லன்.

மாலையிலே பள்ளி வாயிலில் காத்திருந்தான்.

"ஏழு மணிக்கு ஒருவர் கூப்பிடுவார், சார். எடுக்காவிட்டால், நான் நன்றாக இருப்பதாக நினைத்துக் கொள்வார்."

யார் அவர் என்றேன். 14416 என்றான்.

எண்ணைக் கேட்டேன், பொருள் விளங்கவில்லை. அன்றிரவுதான் தேடிப் படித்தேன். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று ஒன்றிய அரசு தொடங்கிய தொலைபேசித் தொண்டு அது. தமிழ்நாட்டிலே 'நட்புடன் உங்களோடு' என்ற பெயர் தாங்கி நடப்பது. கட்டணமில்லை, இரவு பகல் என்றில்லை, தமிழிலேயே பேசலாம். பயிற்சி பெற்ற ஆலோசகர் கேட்பார். தேவையெனில் மனநல மருத்துவரிடம் இணைப்பார். ஆசிரியனாகிய நான் அறியாததை, மாணவன் அறிந்திருந்தான்!

கைப்பேசியைத் தந்தேன். வேப்பமரத்தடியில் அமர்ந்தோம். அழைப்பு வந்தது, நான் விலகி நடந்தேன். நாற்பது நிமிடம்.

பிறகு என்னிடமும் பேசினான். தந்தை இறந்து ஏழு மாதம். உறக்கமில்லை, உணவு இறங்கவில்லை. 'ஆம்பளைப் பிள்ளை அழலாமா' என்றார்களாம் உறவினர்கள். 'காத்து கருப்பு' என்றாள் பாட்டி; கோடாங்கி வந்தான், கோழி போயிற்று, கையிலே கறுப்புக் கயிறு ஏறிற்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியிலே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயிலே மடிந்தார்களே, அதற்குப் பிறகும் இந்நாட்டிலே மனத்துக்கு நோய் வந்தால் முதலில் தேடுவது மந்திரக்காரனைத்தான்!

நள்ளிரவிலே அவன் முதலில் பேசியது மனிதரோடன்று, கைப்பேசியிலே உரையாடும் எந்திரத்தோடு. இது புதுமையுமன்று. 1966இலேயே ஜோசப் வைசன்பாம் என்ற அறிஞர், 'எலிசா' எனும் உரையாடும் நிரலை அமெரிக்காவிலே வெளியிட்டார். சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எளிய பொறி. அவருடைய செயலாளரோ அதனோடு தனித்துப் பேச வேண்டுமென்று, அவரையே அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம்! படைத்தவரே பதறிப் போனார். இந்த மயக்கத்தைக் கண்டித்துப் பின்னாளில் நூலே எழுதினார்.

"இனிமையாகத்தான் பேசிற்று, சார். ஆனால், நான் எதைச் சொன்னாலும் ஆமாம் என்றது" என்றான் என் மாணவன்.

என்னே கூர்மை! நான் சாப்பிடவில்லையே என்று அவன் எழுதினால்தான் அதற்குத் தெரியும். கன்னம் ஒட்டியது தெரியாது. எனினும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: ஓரிரவு, 14416 என்ற எண்ணைக் காட்டியதும் அந்த எந்திரமே. காட்டியதோடு நில்லாமல் மறுமுனையில் ஒரு மனிதக்குரல் இருந்ததே, அதுதான் அவனைப் பிடித்து நிறுத்திற்று. எத்தனை மணி உறங்கினேன், மனம் எப்படி இருந்தது என்று நாள்தோறும் கைப்பேசியிலே குறித்து வைக்கச் சொல்லியிருந்தார் ஆலோசகர். வகுப்பிலே அவன் குறித்துக் கொண்டிருந்தது அதைத்தான். நான் பறித்தது அதைத்தான்.

தாயைச் சந்தித்தேன். மாவட்ட அரசு மருத்துவமனைக்குச் சென்றோம், பாட்டியும் உடன் வந்தாள். மருந்தும் ஆலோசனையும் தொடர்கின்றன. இப்போது ஐந்து மணி நேரம் உறங்குகிறான். கறுப்புக் கயிறு இன்னும் கையிலே இருக்கிறது. அறுத்தெறி என்று நான் சொல்லவில்லை. தோழர்கள் சிலர் சினக்கக் கூடும். அவனாக அவிழ்க்கட்டும், காத்திருக்கிறேன்.

அந்த எண்ணைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதலாமா என்று கேட்டேன். பள்ளிக்குக் கெட்ட பெயர் வருமே என்றனர் மேலோர். ஆகவே, என் வகுப்புக் கரும்பலகையின் வலது மூலையிலே எழுதி வைத்தேன். பலகை துடைக்கும் பையன் நாள்தோறும் அந்த மூலையை மட்டும் விட்டுவிடுகிறான்.