சுருளும் பாய்

திருவண்ணாமலைக் கிராமத்தில் வாழும் எனக்குக் கடல் தூரம்; நூல்தான் பக்கம். இராசபாளையத்து நூற்பாலையில் வேலை பார்க்கும் என் அத்தை, "நூல் தொய்ந்தால் சிக்கும், சிக்கியதை இழுத்தால் அறும்" என்பார்.

கடற்படை அதிகாரிகள் தில்னாவும், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவில் புறப்பட்டு, 'தாரிணி' என்னும் பாய்மரப் படகில் 25,400 கடல் மைல் உலகைச் சுற்றி, 2025 மே 29ஆம் நாள் திரும்பினர். இரண்டே பெண்கள்! அதைப் படித்த பின் பாய்களைப் பற்றித் தேடிப் படித்தேன்.

பல பாய்மரப் படகுகளில் முன்பாயைச் சுருட்ட ஓர் உருளை உண்டு. புயலில் பாய் சுருளாவிட்டால் உயிருக்கே ஆபத்து. பாயை விரிக்கும்போது, உருளையில் சுற்றிக்கொள்ளும் கயிற்றைத் தொய்யவிட்டால் ஒன்றன்மேல் ஒன்றேறிச் சிக்கும். ஆகவே மிதமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். உப்புப் படிந்தால் உருளை இறுகும். நன்னீரால் கழுவ வேண்டும். சில வேளை, பாயை ஏற்றும் கயிறு உச்சியில் முன்கம்பியைச் சுற்றிக்கொள்ளும். அப்போது பலங்கொண்டு இழுத்தால் கம்பி அறுந்து பாய்மரமே சாயலாம். உடனே நிறுத்தி, அண்ணாந்து பார்ப்பதே அறிவுடைமை.

தோழியரே, கரையில் நாம் பொறுமையாகச் சோதித்த கயிறே நடுக்கடலில் நம்மைக் காக்கும். துணிவு பெரிது, அத்துணிவைக் கரைசேர்ப்பது கவனம்.