பால் விலக்கிய விருந்து

பிறந்த ஊரில் புலால் உண்ணாதவனாக வாழ்வதற்கு எவ்விதப் பிரயாசையும் வேண்டியதில்லை. வீடும் வீதியும் சுற்றமும் அந்த விரதத்தை நம் பொருட்டுக் காத்துக்கொள்ளும். அதே மனிதன் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள லெஸ்டர் நகரில் குடியேறிவிட்டாலோ, அயலார் வீட்டு மேஜையில் அமரும்போதெல்லாம், முட்டை ஆகுமா, மீன் ஆகுமா என்ற விசாரணைக்கு விடை சொல்லி, தன் பொருட்டு ஒரு பதார்த்தத்தைத் தனியே சமைக்கச் செய்த சங்கோசத்தோடு உண்டெழ வேண்டியவனாகிறான். இவ்வாறு பிறர் தயவிலே உண்டு பழகிய நான், என்னிலும் கடுமையான நியமமுடைய பக்கத்து வீட்டு அம்மையாரை விருந்துக்கு அழைத்தபோது, விசாரிக்கும் பொறுப்பு முதன்முறையாக என்னைச் சேர்ந்தது.

அவர் பால், தயிர், நெய், தேன் எதையும் தீண்டார். அந்த நியமத்துக்கும் இந்நகருக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. இங்கே வசித்த டொனால்ட் வாட்சன் என்ற தச்சுவேலை ஆசிரியர்தான், 1944-ஆம் ஆண்டு நவம்பரில், ஒத்த கருத்துடைய சிலரோடு கூடி வீகன் சங்கத்தைத் தோற்றுவித்தார். யுத்தகாலப் பங்கீட்டில், புலால் உண்ணாதோருக்கு இறைச்சிக்கு ஈடாகப் பாலாடைக்கட்டி கூடுதலாகக் கிடைத்துவந்த அந்நாளில், அதையும் வேண்டாமென்று தள்ளத் துணிந்தவர்கள் அவர்கள். கன்று ஈனாத பசு பால் சுரப்பதில்லை என்பதையும், கறவைக்குப் பயன்படாத காளைக்கன்றின் கதி என்னவென்பதையும் சிந்தித்தால், அவர்களுடைய தர்க்கத்தை எளிதில் நிராகரிக்க இயலாது. பாலை அமிர்தமென்றும் நெய்யைச் சுத்தி செய்யும் வஸ்துவென்றும் போற்றும் சம்பிரதாயத்தில் வளர்ந்தவனுக்கு அது உவப்பான சிந்தனை அன்றாயினும், விருந்தினரின் கொள்கையை ஏற்பதற்கு அதனுடன் உடன்பட்டாக வேண்டும் என்ற நியதி இல்லையே!

சுட்ட காய்களை மெல்லிய ரொட்டியில் வைத்துச் சுருட்டும் ராப் என்னும் பண்டத்தைச் செய்வதென்று தீர்மானித்தேன். கடையில் விற்கும் மெல்லிய ரொட்டியில் பால்பொடி கலந்திருக்கிறதா என்று உறையில் தடித்த எழுத்துக்களைத் தேடுவதைவிட, 200 கிராம் மைதாவில் உப்பும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் சேர்த்து, வெந்நீர் விட்டுப் பிசைந்து, அரைமணி நேரம் மூடிவைத்துத் தேய்த்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது. கத்தரிக்காயையும், கூர்ஜெட் என்று இங்கே வழங்கும் பூசணி இனத்துப் பிஞ்சையும் விரற்கடைக்குச் சற்றுக் குறைவான கனத்தில் அரிந்து, சட்டியில் எண்ணெய் வார்க்காமல் துண்டுகளின் மேலேயே தடவி, வரிவரியாக மேடிட்ட இரும்புச் சட்டி நன்றாகக் காய்ந்தபின் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். நெருக்கி அடுக்கினால், காய்கள் விடும் நீர் ஆவியாகித் தேங்க, அவை சுடப்படாமல் வெந்து குழைந்துபோகும். உப்பை முன்னதாகத் தூவினாலும் நீர் சுரந்து இதே விளைவு நேரும். குடைமிளகாயைத் தோல் கருகும்வரை சுட்டு ஒரு பாத்திரத்தில் மூடிவைத்தால், உள்ளிருக்கும் ஆவியே தோலைத் தளர்த்திவிடும். குளிர்காலத்தில் சன்னல்களைச் சாத்திவைத்துச் சமைக்கும் இந்நாட்டு வீடுகளில், புகை எச்சரிக்கைக் கருவி அலறாமல் இவ்வளவையும் முடிப்பது தனியொரு சாமர்த்தியம்.

தயிர்ப் பச்சடி இருக்க வேண்டிய இடத்தில், வெந்த கொண்டைக்கடலையோடு தஹினி என்னும் எள் விழுதும், பூண்டும், எலுமிச்சைச் சாறும் சேர்த்து அரைத்த ஹம்மஸ் அமர்ந்து, புளிப்பையும் வழவழப்பையும் ஒருங்கே தந்தது. கட்டுச்சோற்றுக்கு வாழையிலையை அனலில் வாட்டுவதுபோல, ரொட்டியையும் சற்றே சூடாக்கினால்தான் மடிக்கும்போது விரியாது. ஹம்மஸைப் பரப்பி, சூடாறிய காய்களை ஓரமாக வைத்து, இருபக்கங்களையும் உள்ளே மடித்தபின் இறுகச் சுருட்டினேன்.

அம்மையார், எதையும் விசாரிக்காமலே எடுத்து உண்ணத் தொடங்கினார். அந்த நிச்சிந்தை எத்துணை அரிய சுகம் என்பதை, விசாரித்தே உண்டு வந்தவன் அறிவான். நான் இன்னமும் தயிர்சாதம் உண்பவனே. அதை விடும் உத்தேசமும் இல்லை. ஆயினும், அந்நிய நாட்டில் வந்தேறியின் உரிமைகள் பத்திரங்களில் எழுதப்படலாமேயன்றி, அவன் அவ்வூரானாவது, தன் நியமத்துக்குப் பிறர் இடங்கொடுக்கப் பெற்ற நிலையிலிருந்து, பிறர் நியமத்துக்குத் தன் அடுப்பில் இடங்கொடுக்கும் நிலைக்கு உயரும்போதுதான் என்பது என் அபிப்பிராயம்.